குழாயைத் தொடாதே, கோமதித்தாய்

போன் அடித்தது.

சங்கரேஸ்வரி ஏணி உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். உதட்டுக்கு இடையில் இரண்டு ஸ்குரூ. கையில் சீலிங் ஃபேனின் மூடி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு புது வீடு. பால் காய்ச்ச நாலு நாள்தான் இருந்தது.

எடுக்கவில்லை.

அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது.

மூன்றாவது தடவை இறங்கி வந்து எடுத்தாள்.

"வயரிங் பாக்குற பிள்ளதானே?" ஒரு பெண் குரல். பேச்சை விட மூச்சுதான் அதிகம் கேட்டது. "எங்க வீட்டுக் குழாய்... கடிக்குதும்மா."

"கடிக்குதா?"

"குளியல் ரூம் பைப்பு. தொட்டேன். ஆளத் தூக்கி எறிஞ்சிட்டு."

யாரும் அதைத் தொட வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு வெளியே போய் நில்லுங்கள் என்றாள் சங்கரேஸ்வரி. வீட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. இருந்த ஒருத்தரும் அந்தக் குழாயடியிலதான் போய்ச் சேந்தாக... இன்னையோட பதினாலு நாளு."

சங்கரேஸ்வரி உதட்டிலிருந்த ஸ்குரூவைத் துப்பினாள்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

---

சங்கரேஸ்வரிக்கு வயது முப்பத்தாறு. ஐ.டி.ஐ. படித்து, வயர்மேன் லைசென்ஸ் வாங்கி, சங்கரன்கோவிலில் பதினோரு வருடமாக இந்த வேலை. தனியாக இருக்கிற பெண்கள் ஆம்பளை எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டு இவளைத்தான் கூப்பிடுவார்கள். பயம் என்பது அவளுக்குத் தொழில் கருவி மாதிரி. கட்டிங் பிளேயர், டெஸ்டர், பயம். மூன்றில் ஒன்று இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டாள்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்து. அதன் கடைசி வீடு.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.

கோமதித்தாய் வீட்டுக்கு உள்ளே இல்லை. முடுக்கின் நடுவில், உச்சி வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது இருக்கும். வலது கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

துணியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள் சங்கரேஸ்வரி. இரண்டு விரல்களின் பின்பக்கம் தோல் வெள்ளையாகத் தடித்து, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

கரண்ட்தான். சந்தேகமே இல்லை.

"உள்ளங்கையால புடிச்சிருந்தா இந்நேரம் இங்க உக்காந்திருக்க மாட்டீங்க, யக்கா."

கோமதித்தாய் தலையாட்டினாள். கணவர் இறந்த நாளிலிருந்து அந்தக் குளியலறைக்குள் கால் வைக்கப் பயந்து, பின்பக்கத்து அடிபம்பிலேயே குளித்து வந்ததாகச் சொன்னாள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நேற்று வரை அந்தக் குழாயில்தான் குளித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் இன்றைக்குப் பதினோரு மணிக்கு, செருப்பைக் கூடக் கழற்றாமல், படியில் நின்றபடியே குழாயைத் திறக்கக் கை நீட்டினாள். விரலின் பின்பக்கம் உரசியதுதான் தெரியும். முழிப்பு வந்தபோது கூடத்தில் கிடந்தாள்.

சங்கரேஸ்வரி வீட்டைப் பார்த்தாள்.

அறுபது வருடத்துக்கு முந்தைய வீடு. உத்தரத்தை ஒட்டி மரச்சட்டம் அடித்து, அதற்குள் வயர் ஓடியது. துணி சுற்றிய பழைய வயர். கறுப்பு உருண்டை சுவிட்சுகள். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பிரேக்கர் எதுவும் இந்த வீட்டில் இல்லை. இரும்புக் குழாய்கள்.

வீட்டின் இடது பக்கச் சுவர் முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது.

தடக்கு... தடக்கு... தடக்கு...

சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். நாலு விசைத்தறி.

கோமதித்தாய் மெயினை இறக்கியிருந்தாள். ஆனால் அடுத்தவர் இறக்கிய மெயினை சங்கரேஸ்வரி நம்புவதில்லை. மீட்டர் பெட்டியைத் திறந்து இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இனி இந்த வீட்டில் ஒரு பல்ப் கூட எரியாது.

வழக்கமாக இது சின்னக் கோளாறுதான். ஹீட்டரிலோ மிக்ஸியிலோ எங்கோ வயர் உரிந்து உடம்பில் பட்டிருக்கும். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் அது குழாய் வழியாக ஊர் சுற்றும். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில் குழாய் செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

குளியலறை வாசலில் ரப்பர் ஷூவோடு நின்றாள். கையை நீட்டி, டெஸ்டரின் நுனியைக் குழாயில் வைத்தாள்.

டெஸ்டருக்குள்ளிருந்த சின்ன விளக்கு எரிந்தது.

சங்கரேஸ்வரி டெஸ்டரை எடுத்துப் பார்த்தாள். கூடத்து சுவிட்ச் போர்டில் வைத்தாள். இருட்டு. அடுப்பங்கரை பிளக்கில் வைத்தாள். இருட்டு. மறுபடி குழாயில் வைத்தாள்.

எரிந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு ஃபியூஸ் கட்டையும் அங்கேயே இருந்தன.

வீட்டில் கரண்ட் இல்லை.

குழாயில் இருக்கிறது.

---

வெளியே வந்து சொன்னாள்.

கோமதித்தாய் கேட்டுக்கொண்டு அந்த அதிரும் சுவரையே பார்த்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள்.

இது அவள் அப்பா கட்டிய வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் தம்பி அய்யாத்துரை. ஆறு வருடம் முன்பு வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். அவன் தன் பாகத்தை இடித்துத் தறிக்கூடம் ஆக்கினான். பாகம் பிரித்த அன்று அக்காவின் கணவர் சண்முகையாவுக்கும் அவனுக்கும் கைகலப்பு ஆனது. அன்றோடு பேச்சு நின்றது. அத்தான் இறந்த அன்று அய்யாத்துரை ஓடி வந்தான். உடலைத் தூக்கினான். கொள்ளிக் குடத்துக்குத் தண்ணீர் எடுத்தான். பதிமூன்று நாள் தறிக்கூடத்தைப் பூட்டியே வைத்திருந்தான். ஆனாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"திரும்ப எப்பத் தொறந்தாரு?"

"இன்னைக்குக் காலைலதான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூட்டியிருந்தபோது குழாய் கடிக்கவில்லை. திறந்த அன்றே கடிக்கிறது.

"அவுக செத்த அன்னைக்கு, குளிக்கப் போனப்ப தறி ஓடுச்சா, யக்கா?"

கோமதித்தாய் யோசித்தாள். இல்லை என்றாள். சண்முகையாவுக்குப் பூ மார்க்கெட்டில் வேலை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்துவிடுவார். தறி ஓடுவது ஒன்பது மணிக்கு மேல்தான். அன்றைக்கும் சத்தமே இல்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டு இவள் போய்ப் பார்த்தபோது குழாய் திறந்தபடி இருந்தது, அவர் கீழே கிடந்தார். ஏற்கனவே பி.பி., சுகர். நெஞ்சுவலி என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள்.

அப்படியென்றால் அவர் நெஞ்சுவலியில்தான் போயிருக்கிறார் என்று நினைத்தாள் சங்கரேஸ்வரி. கரண்ட் தறியோடு வருகிறது. தறி ஓடாத நேரத்தில் கரண்ட் எப்படி வரும்?

"அவன்தான்," என்றாள் கோமதித்தாய். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "அவுகளக் கொன்னுட்டான். இப்ப எனக்கு வச்சிருக்கான்."

எந்த வயர் என்று கண்ணால் பார்க்காமல் யார் தலையிலும் பழியைப் போடக் கூடாது என்று சங்கரேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் காதில் அது ஏறவில்லை.

மணி ஒன்று.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பாட்டு நேரம்.

காது அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி.

இதுதான் நேரம் என்று சங்கரேஸ்வரி ஏணியை எடுத்தாள்.

---

குளியலறைக்கு மேலே பரண். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் இரும்புக் குழாய் அந்தப் பரண் வழியாகத்தான் கீழே இறங்கியது.

பைக்குள் போன் இருந்தது. பையைக் கீழேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு கையில் கட்டிங் பிளேயர். பல்லுக்கிடையில் சின்ன டார்ச்.

பரணில் நிமிர முடியாது. வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். பழைய பாத்திரங்கள். உடைந்த தொட்டில். விரல் தடிமனுக்குத் தூசி.

ஓர் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

முட்டி போட்டு யாரோ நகர்ந்த தடம். சமீபத்துத் தடம்.

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள்.

இடது பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு பழைய மரச்சட்டம் வெளியே வந்திருந்தது. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கரண்ட் வந்த பாதை. பாகம் பிரித்தபோது இந்தப் பக்கத்தில் வயரை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் வெட்ட மறந்திருக்கிறார்கள். துணி சுற்றிய இரண்டு வயர்கள் சட்டத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

அதில் ஒன்றில்...

புத்தம் புதிய சிவப்பு வயர்.

பளபளக்கும் கறுப்பு டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். அதன் மறுமுனை குழாயில். துரு சுரண்டி, கிளாம்ப் போட்டு, இறுக்கி முடுக்கியிருந்தது.

எலி செய்த வேலை இல்லை. பழைய வயர் உளுத்துப் போனதும் இல்லை. தொழில் தெரிந்த கை.

சங்கரேஸ்வரி பிளேயரை விரித்து சிவப்பு வயரின் பக்கத்தில் கொண்டு போனாள். தறி நின்றுவிட்டது. வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. பிளேயரின் கைப்பிடி உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பரவாயில்லை. கரண்ட்தான் இல்லையே...

கை பாதியில் நின்றது.

காரணம் எதுவும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான். டெஸ்டர் வைக்காமல் அவள் எதையும் வெட்டியதில்லை.

சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கிளாம்பில் வைத்தாள்.

எரிந்தது.

சத்தமே இல்லாத அந்தப் பரணில், அந்தச் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் அவள் முகத்துக்கு ஓரடி தூரத்தில் எரிந்தது.

பிளேயர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கால்களை மெல்ல, மிக மெல்ல, குழாயிலிருந்து விலக்கினாள்.

தறி நின்றாலும் கரண்ட் நிற்கவில்லை. சத்தத்துக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தறிக்கூடத்து மெயின் போட்டிருந்தால் போதும், குழாயில் உயிர் இருக்கும்.

அப்படியானால் சண்முகையா செத்தது நெஞ்சுவலியில் இல்லை.

அடுத்த எண்ணம் அதை விட மோசமாக இருந்தது.

இந்த வயரை இணைத்தது சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள் இல்லை. இந்தப் பரணில் முட்டி போட்டால்தான் இந்த இடத்துக்குக் கை எட்டும். இந்தப் பரணுக்கு வர இந்த வீட்டு வாசல்தான் வழி. இந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

ஒருவர் செத்துவிட்டார்.

இன்னொருத்தி கீழே இருக்கிறாள்.

'டக்' என்று ஒரு சத்தம்.

முன்கதவின் தாழ்ப்பாள்.

காலடிகள் கூடத்தைக் கடந்து வந்தன. சங்கரேஸ்வரி பரண் விளிம்பில் எட்டிப் பார்த்தாள். கோமதித்தாய் ஏணியின் அடியில் நின்றாள். துணி சுற்றாத கை ஏணியைப் பிடித்திருந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"கண்டுட்டியா, தாயி?"

சங்கரேஸ்வரி டார்ச்சை அணைத்தாள்.

"வயரு அவன் சுவத்துக்குள்ளதானே போகுது?"

சுவரைப் பற்றி சங்கரேஸ்வரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயர் கிடைத்ததையே சொல்லவில்லை.

"கதவ ஏன் யக்கா தாழ் போட்டீங்க?"

"தறிய நிப்பாட்டிட்டான். இங்கன வந்துருவானோன்னு பயம்." கோமதித்தாய் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இறங்கு. நான் புடிச்சிக்கிடுதேன்."

இறங்க வேண்டும். வேறு வழி இல்லை. ஏணியில் பதினோரு படி. கீழே ஈரத் தரை. மூன்றடி தூரத்தில் அந்தக் குழாய். அவள் ஏணியை லேசாகச் சாய்த்தால் போதும்... விழுகிறவர்கள் எதையாவது பிடிக்கத்தான் பார்ப்பார்கள்.

சங்கரேஸ்வரி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கண்ணைக் கோமதித்தாய் முகத்திலிருந்து எடுக்கவில்லை. கடைசிப் படியைத் தாண்டித் தரையில் கால் வைத்தாள். இன்னும் சரியாகத் தெரியவில்லை, வண்டியில் ஒரு சாமான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"நீ எங்கயும் போவாண்டாம்," என்றாள் கோமதித்தாய்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"போலீஸ். தொறங்க."

கோமதித்தாய்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தாள், சங்கரேஸ்வரி பரணில் இருந்தபோது.

---

சப்-இன்ஸ்பெக்டர் சுடலைராஜ் ஒல்லியான மனிதர். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் அழைப்பு வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

சங்கரேஸ்வரி அவரைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அய்யாத்துரை தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போலீஸைப் பார்த்ததும் எழுந்தான். மெயினை இறக்கச் சொன்னதும் எச்சில் கையோடு இறக்கினான். எதற்கு என்று கேட்கக் கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

திரும்பி வந்து குழாயில் டெஸ்டரை வைத்தாள்.

இருட்டு.

பரணிலேறி சிவப்பு வயரை வெட்டிக் கொண்டுவந்து சுடலைராஜ் கையில் கொடுத்தாள். பழைய வயரின் நுனிகளுக்குத் தொப்பி போட்டு மூடினாள். தறிக்கூடத்து போர்டில் அந்த வயர் கிளம்புகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயும் கழற்றினாள். ஆறு வருடத்துக்கு முன்பே யாராவது செய்திருக்க வேண்டிய பத்து நிமிட வேலை.

கோமதித்தாய் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். அக்காவும் தம்பியும் எதிரெதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கரண்டு உம்ம வீட்டுக் கரண்டு," என்று அய்யாத்துரையைப் பார்த்தார் சுடலைராஜ். "ஜாயிண்ட் போட்டது உங்க வீட்டுப் பரண்ல," என்று கோமதித்தாயைப் பார்த்தார். "ரெண்டு பேருமே வண்டியில ஏறுங்க. எவுக சொன்னது பொய்யின்னு ஸ்டேஷன்ல பாத்துக்கிடுவோம்."

பரண் என்ற சொல்லைக் கேட்டதும் கோமதித்தாயின் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. தீய்ந்த விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

சங்கரேஸ்வரி அந்த விரல்களைப் பார்த்தாள்.

பொறி வைத்தவள் அதில் தானே போய்க் கையை வைப்பாளா?

எஸ்.ஐ.யின் கையிலிருந்த வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப்பும் வயரும் புதுசு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாதுஷா இந்த வட்டாரத்துக்கே சாமான் கொடுக்கிறவர். முகத்தை மறந்தாலும், யார் என்ன சாமான் வாங்கினார்கள் என்பதை அவர் மறப்பதில்லை.

போன் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். இந்த முடுக்கிலிருந்து யாராவது சிவப்பு வயர், டேப், பைப் கிளாம்ப் மூன்றையும் சேர்த்து வாங்கினார்களா, ஒரு மாதத்துக்குள் என்று கேட்டாள்.

"நம்ம சண்முகையா அண்ணாச்சிதாம்மா வாங்குனாரு," என்றது பாதுஷாவின் குரல். "வயரு ரெண்டு மீட்டர், டேப்பு ஒண்ணு, கிளாம்பு ஒண்ணு. ஆள் வேணுமா அண்ணாச்சின்னு கேட்டேன். எனக்கே தெரியும்டா, இளவட்டத்துல கோவில்பட்டில மோட்டார் ரீவைண்டிங் பாத்தவன்லான்னாரு. பாவம்... மறுநாள் விடியுமுன்ன போயிட்டாரு. ஏம்மா கேக்குத?"

சங்கரேஸ்வரி போனை அணைத்தாள்.

சுடலைராஜ் முதலில் சுதாரித்தார். அவரே வைத்த பொறியில் அவரே எப்படிச் சாவார் என்று கேட்டார்.

"அய்யாத்துரை அண்ணாச்சி," என்று திரும்பினாள் சங்கரேஸ்வரி. "அன்னைக்குக் காலையில மெயின் எப்பப் போட்டீங்க?"

அய்யாத்துரை தரையைப் பார்த்தபடியே சொன்னான். அன்றைக்கு மட்டும் ஐந்து மணிக்கே போட்டானாம். முந்தின நாள் ஒரு தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது. நூற்றுக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். தறி ஓட்ட முடியாது, நல்ல வெளிச்சம் மட்டும் வேண்டும். லைட்டைப் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாகப் பிணைத்துக்கொண்டிருந்தான். ஐந்தே முக்கால் தாண்டி அக்காவின் அலறல் கேட்டது. அலறலைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் மெயினை இறக்கிவிட்டு ஓடி வந்தான். திறந்திருந்த குழாயை அவன்தான் மூடினான்.

மெயினை இறக்காமல் ஓடி வந்திருந்தால் அன்றைக்கு இரண்டு பிணம்.

சங்கரேஸ்வரிக்கு இப்போது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

சண்முகையா அந்தப் பழைய வயரில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருப்பார். தறி ஓடுகிற பகலில் எரிந்திருக்கும். தறிக்கூடம் பூட்டிய ராத்திரியில் எரிந்திருக்காது. சத்தம் இருந்தால் கரண்ட் இருக்கும், சத்தம் இல்லாவிட்டால் இருக்காது என்று முடிவு கட்டியிருப்பார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு பரணில் அவளும் அதேதான் நினைத்தாள். அவள் டெஸ்டர் வைத்தாள். அவர் வைக்கவில்லை.

"யக்கா..." என்றாள். "நீங்க எத்தன மணிக்குக் குளிப்பீங்க?"

கோமதித்தாயின் கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாயின.

"ஒன்பதரைக்கு."

ஒன்பது மணிக்குத் தறி ஓடத் தொடங்கும். ஒன்பதரைக்கு அவள் குளிப்பாள். சண்முகையா அப்போது பூ மார்க்கெட்டில் நூறு பேருக்கு நடுவில் இருப்பார்.

கோமதித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவர் சாவதற்கு முந்தின சாயங்காலம் எலி செத்து நாறுகிறது என்று பரணில் ஏறினார். இவள் நின்று குளிக்கிற மரப்பலகையை உளுத்துவிட்டது என்று தூக்கி வெளியே எறிந்தார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணி விட்டுக் குளி என்றார். இருபத்தாறு வருடத்தில் அப்படியொரு அக்கறையாக அவர் பேசியதே இல்லை. அந்தச் சொல்லை நினைத்து நினைத்துத்தான் இந்தப் பதினாலு நாளும் அழுதிருக்கிறாள்.

எதற்காக என்று சுடலைராஜ் கேட்டார்.

இந்த வீட்டுக்காக என்றாள் கோமதித்தாய். ரத வீதிக்குப் பக்கம், கடை கட்ட ஆள் தயாராக இருந்தான். அப்பா வீட்டை விற்க மாட்டேன் என்று இவள் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டே வந்தாள். இவள் இல்லாவிட்டால் கையெழுத்தே தேவையில்லை. பழியைத் தூக்கிப் போட, சுவருக்கு அந்தப் பக்கம் பேசாத தம்பி ஒருவன் இருந்தான்.

கோமதித்தாய் தலையைத் தூக்கினாள். ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கே எந்திச்சியாலே?"

"ஆமாக்கா."

"பாவு அறுந்ததுக்கா?"

"ஆமா." அவன் தன் கையைப் பார்த்தான். "நான் போட்ட மெயினாலதான்க்கா அத்தான்..."

"அந்த மெயின நீ போடலைன்னா, ஒன்பதரைக்கு நான் குளிச்சிருப்பேன்." அவள் அழவில்லை. கண்ணில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது போல இருந்தது. "பூட்டிட்டு வாலே. சோறு வடிச்சிருக்கேன். இங்கன உக்காந்து தின்னு."

அய்யாத்துரை குழந்தை மாதிரி முகத்தை மூடிக்கொண்டான்.

சங்கரேஸ்வரி கோமதித்தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பரணில் தான் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கோமதித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானும் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பயந்ததாகச் சொன்னாள். இந்தப் பெண்ணையும் தம்பி கைக்குள் போட்டிருப்பானோ என்று.

குளியலறைக்குப் பிளாஸ்டிக் குழாய், பின்பக்கத்தில் புது எர்த் குழி, மீட்டர் பக்கத்தில் ஒரு பிரேக்கர், எல்லாம் எழுதிக்கொண்டாள் சங்கரேஸ்வரி. பழைய வயர் ஒரு முழம் கூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். இன்றைக்கே தொடங்கச் சொன்னாள் கோமதித்தாய்.

சுடலைராஜ் தொப்பியை மாட்டினார்.

"கொலை செய்ய முயற்சி. சாட்சி இருக்கு, சாமான் இருக்கு, காரணம் இருக்கு. ஆளப் புடிக்கத்தான் வழியில்ல." பெருமூச்சு விட்டார். "என் ஸ்டேஷன் எல்லையத் தாண்டிட்டான்."

அவர் வாசலைத் தாண்டும்போது எதிரே ஒருவர் வந்தார். தோளில் துண்டு, கையில் நோட்டு. சமையல்காரர் தங்கப்பழம். நாளை மறுநாள் சண்முகையாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். இருநூறு இலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. போலீஸைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

விசேஷத்தில் ஏதாவது மாற்றம் உண்டா, காய்கறிக்குச் சொல்லிவிடலாமா, இல்லை நிறுத்திவிடலாமா என்று இழுத்து இழுத்துக் கேட்டார்.

எல்லோரும் கோமதித்தாயைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து முந்தானையைச் செருகினாள். இதுவரை 'அவுக' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த வாய் இப்போது மாறிவிட்டிருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி நிறுத்தணும்? ஒரு எலை குறையாண்டாம். அவன் செத்ததுக்குன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதீக, நான் பொழச்சதுக்குன்னு சொல்லுங்க... பாயசத்துல முந்திரியும் கொஞ்சம் கூடவே போட்டுருங்க."